963-உம் சரி, 1011-உம் சரி: வீட்டு டிஜிட்டல் பாரோமீட்டரை நிறுவுவதும் அளவு திருத்துவதும்

கேள்வி: கோவை தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்து வீடு. காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 என்று சொல்லி விற்ற சென்சாரை இஎஸ்பி32 என்ற வைஃபை போர்டுடன் இணைத்து, வாட்டர்ப்ரூஃப் பெட்டிக்குள் வைத்து, சிலிகோன் பசை பூசி மொட்டை மாடியில் மாட்டியிருக்கிறேன். காலையில் காற்றழுத்தம் 963 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) காட்டுகிறது, போனின் வானிலைச் செயலியில் பார்த்தால் 1011. நண்பகலில் 970-ஐத் தாண்டிவிடுகிறது, சாயங்காலம் மளமளவென்று இறங்குகிறது. ஈரப்பதம் வரவே இல்லை. சென்சார் பழுதா? மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்திருக்கின்றன. 963-க்கும் 1011-க்கும் உள்ள இடைவெளி உங்கள் ஊரின் உயரத்தால் வருவது. நண்பகல் ஏற்றம் பெட்டியை அடைத்த அந்தச் சிலிகோன் பசையால் வருவது. ஈரப்பதம் வராததற்குக் காரணம், உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பிஎம்பி280 என்பதுதான். இரண்டுமே போஷ் தயாரிப்புகள், ஒரே மாதிரி போர்டில் வருபவை. பிஎம்பி280-இல் ஈரப்பத உணரி கிடையாது. சில்லின் அடையாள எண்ணைப் படித்தால் பிஎம்பி280 ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 58 என்றும், பிஎம்இ280 ஹெக்ஸ் 60 என்றும் சொல்லும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியும்: பிஎம்இ280-இன் உலோக மூடி 2.5 மில்லிமீட்டர் சதுரம், பிஎம்பி280-இனுடையது சற்றே நீள்சதுரம். காற்றழுத்தத்துக்கு இரண்டுமே ஒரே தரம், அதனால் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதலில் பெட்டி. அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்று வெயிலில் சூடானால் அதன் அழுத்தம் ஏறும். 25 டிகிரியில் மூடிய பெட்டி 45 டிகிரிக்குப் போனால், காற்று துளியும் கசியாத பட்சத்தில், உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட 65 ஹெக்டோபாஸ்கல் உயரும். உங்களுக்கு ஏழெட்டுதான் ஏறுகிறது என்றால் கேபிள் நுழையும் இடத்தில் கொஞ்சம் கசிகிறது என்று பொருள். ஆக நீங்கள் அளப்பது வானத்தை அல்ல, பெட்டியை. உண்மையான காற்றழுத்தம் அந்த நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியின் அடிப்பக்கம், தரையைப் பார்த்த முகத்தில், 3 மில்லிமீட்டர் துளை இரண்டு போடுங்கள். உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். நம்மூரில் திறந்த துளையைக் கண்டால் குளவி மண்ணை வைத்து அடைத்துவிடும், எறும்பு குடியேறிவிடும். சென்சாரின் உலோக மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதே, அதன்மேல் பசை, வார்னிஷ், சிலிகோன் எதுவும் படக் கூடாது. நேர் வெளிச்சமும் விழக் கூடாது, உள்ளிருக்கும் சிலிக்கான் சில்லு ஒளிபட்டால் தவறாகப் படிக்கும்.

இன்னும் சொல்லப்போனால், பாரோமீட்டரை மாடிக்குக் கொண்டுபோகவே அவசியமில்லை. வெப்பநிலையும் மழையும்தான் வெளியில் அளக்க வேண்டியவை. சாதாரண வீட்டில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் நொடிகளில் சமமாகிவிடும். கடையில் வாங்கும் வானிலைக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் அழுத்த உணரி வீட்டுக்குள் வைக்கும் திரைப்பெட்டியில்தான் இருக்கிறது. வெயில் படாத உட்சுவர், ஏசி இல்லாத அறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து தள்ளி: இதுதான் நல்ல இடம். வெளியில் வைத்தால் காற்றும் ஒரு தொல்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று துளைக்கு நேராக அடித்தால் சுமார் 0.6 ஹெக்டோபாஸ்கல் கூட்டிக்காட்டும். வேகம் இரட்டித்து 72 ஆனால் அது நான்கு மடங்காகி 2.4 ஆகும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல.

வயரிங்கில் சொல்ல அதிகமில்லை. ஆறு பின் உள்ள போர்டு என்றால் 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள். அதில் ரெகுலேட்டர் இருக்காது, சில்லு தாங்குவது 3.6 வோல்ட் வரைதான், 5 வோல்ட் கொடுத்தால் செத்துவிடும். சென்சாரின் எஸ்டிஏ (தகவல் கம்பி) இஎஸ்பி32-இன் 21-ஆம் பின்னுக்கு, எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்புக் கம்பி) 22-ஆம் பின்னுக்கு. சிஎஸ்பி பின்னை 3.3 வோல்ட்டிலும் எஸ்டிஓ பின்னைக் கிரவுண்டிலும் இணைத்தால் நிரல் சென்சாரைத் தேடும் முகவரி ஹெக்ஸ் 76 ஆகும். எஸ்டிஓ-வை 3.3 வோல்ட்டில் இணைத்தால் 77. நிரல் நூலகங்கள் சில 77 என்று வைத்துக்கொண்டு தேடும், சந்தையில் கிடைக்கும் போர்டுகள் பல 76-இல் இருக்கும். “சென்சார் கிடைக்கவில்லை” என்ற புகார்களில் பெரும்பகுதி இதுதான். வெப்பநிலை மைனஸ் 140 டிகிரிப் பக்கம் காட்டினால் சென்சாரிடமிருந்து தகவலே வரவில்லை என்று அர்த்தம், சாலிடரைப் பாருங்கள். சென்சாருக்கும் போர்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் கம்பி போதும். நீளம் வேண்டுமென்றால் மின்சாரக் கம்பியை நீட்டுங்கள், தகவல் கம்பியை நீட்டாதீர்கள்.

அமைப்புகளில், ‘ஃபோர்ஸ்டு’ முறையில், அதாவது கேட்கும்போது மட்டும் அளக்கும் முறையில், நிமிடத்துக்கு ஒரு அளவீடு எடுத்து, ஐந்து நிமிடச் சராசரியைப் பதிவு செய்வது நல்லது. இடைவிடாமல் அளக்கவிட்டால் சில்லு தன் சூட்டிலேயே காயும். இஎஸ்பி32-இன் வைஃபை சூடும் சேரும் என்பதால் சென்சாரை அதற்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். நூலகம் அழுத்தத்தைப் பாஸ்கலில் கொடுத்தால் 100-ஆல் வகுத்தால் ஹெக்டோபாஸ்கல். மில்லிபார் என்பதும் அதே அளவுதான். கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு, அதாவது 19,800 நொடி கூட்டி, அமையுங்கள். இதை விட்டுவிட்டால் காலை பத்து மணி அளவீடு அதிகாலை நாலரை என்று பதிவாகி, பின்னால் எதையும் ஒப்பிட முடியாமல் போகும். எது எப்படியானாலும் சென்சார் தந்த மூல அழுத்தத்தை அப்படியே சேமியுங்கள். திருத்திய எண்ணை மட்டும் சேமித்தால், திருத்தம் தவறென்று தெரியும் நாளில் பழைய பதிவெல்லாம் வீண்.

இனி உயரம். உங்கள் இடம் கடல் மட்டத்திலிருந்து 430 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு 9 மீட்டருக்கும் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆகவே 963 என்பது உங்கள் மாடியின் உண்மையான அழுத்தம். போன் காட்டும் 1011 என்பது, உங்கள் இடம் கடல் மட்டத்தில் இருந்திருந்தால் என்னவாக இருக்கும் என்ற கணக்கு. கடையில் வாங்கும் கருவிகளில் ‘ஏபிஎஸ்’ என்று இருப்பது முதலாவது, ‘ரெல்’ என்பது இரண்டாவது.

உயரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். போனின் ஜிபிஎஸ் தரும் மூல உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்ததல்ல, பூமிக்கு ஒப்பாகக் கற்பனை செய்த ஒரு நீள்கோளப் பரப்பிலிருந்து அளந்தது. உலகிலேயே புவியீர்ப்புப் பரப்பு மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அங்கே நூறு மீட்டருக்கும் மேல் பள்ளம். அதன் விளைவாகத் தென்னிந்தியாவில் கடல் மட்டமே அந்தக் கற்பனைப் பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத செயலியில் நீங்கள் நிற்கும் 430 மீட்டர் இடம் 340 என்று காட்டலாம். அதை நம்பிக் கணக்கிட்டால் பத்து ஹெக்டோபாஸ்கல் பிழை. நம்பகமான வழி, இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத்தில் உள்ள சமவுயரக் கோடுகள். பக்கத்து ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப் பலகையிலும் கடல் மட்ட உயரம் எழுதியிருக்கும், நீங்கள் எடுத்த எண் நம்பத்தக்கதா என்று பார்க்க அது உதவும். கிடைத்த எண்ணோடு தரையிலிருந்து சென்சார் இருக்கும் உயரத்தையும் கூட்டுங்கள். இரண்டு மாடி என்றாலே ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல்.

அடுத்து சூத்திரம். பரவலாகக் கிடைப்பது இது: உயரத்தை 44,330-ஆல் வகுத்து, அதை 1-இலிருந்து கழித்து, வருவதை 5.255 அடுக்குக்கு உயர்த்தி, அதனால் அளந்த அழுத்தத்தை வகுக்க வேண்டும். 430 மீட்டருக்கு வகுக்கும் எண் 0.950. 963-ஐ வகுத்தால் 1013.6 வரும். போனோ 1011 என்கிறது. யார் பக்கம் தவறு? யார் பக்கமும் இல்லை. இந்தச் சூத்திரம் கடல் மட்டத்தில் 15 டிகிரி இருக்கும் ஒரு மாதிரி வளிமண்டலத்தை எடுத்துக்கொள்கிறது. விமான நிலையங்கள் மெட்டார் எனப்படும், விமானிகளுக்கான வானிலை அறிக்கையில் தரும் எண் இந்த வகை. வானிலை வரைபடமும் போன் செயலிகளும் பொதுவாக உண்மையான வெப்பநிலையைச் சேர்த்துக் கணக்கிடுகின்றன. 28 டிகிரி என்றால் அதே 963, 1010.9 ஆகிவிடும். எதோடு ஒப்பிடுகிறீர்களோ அதே சூத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையைச் சேர்க்கும் கணக்கில் அந்த நொடியின் வெப்பநிலையைப் போடாதீர்கள். 22 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையே, அழுத்தம் மாறாமலே, 430 மீட்டரில் 1.6 ஹெக்டோபாஸ்கல் போலி மாற்றம் வரும். இப்போதைய வெப்பநிலையையும் 12 மணி நேரத்துக்கு முந்தையதையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பயன்படுத்துங்கள். உதகை போன்ற 2,200 மீட்டர் ஊர்களில் இதே பத்து டிகிரி 9 ஹெக்டோபாஸ்கல் வரை ஆட்டம் காட்டும். மலையில் இருப்பவர்கள் கடல் மட்டக் கணக்கை மறந்துவிட்டு, அளந்த அழுத்தத்தையே பார்த்து வருவது மேல்.

இப்போது அளவு திருத்தம். போஷின் விவரத்தாளின்படி முழு அளவில் பிழை ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை கூடவோ குறையவோ இருக்கலாம், சாலிடர் செய்யும் சூட்டில் இன்னும் 2 வரை கூடலாம். ஆனால் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதில் 0.12 அளவுக்குத் துல்லியம். எனவே ஒரு நிலையான எண்ணைக் கூட்டினாலோ கழித்தாலோ போதும். சாலிடர் செய்தபின் இரண்டு நாள் ஓடவிடுங்கள். பிறகு நான்கைந்து நாள், காற்று அதிகம் வீசாத நேரங்களில், கோவை விமான நிலைய மெட்டாரோடு ஒப்பிட்டு இருபது முப்பது ஜோடி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மெட்டார் நேரம் உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அதில் தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணைத்தான் தருவார்கள் என்பதால் சராசரியோடு 0.5 கூட்டுங்கள். மெட்டார் சராசரி 1012.0 என்றால் 1012.5. உங்களுடையது முதல் சூத்திரப்படி 1013.6 என்றால் 1.1 அதிகம். அதை மூல அழுத்தத்திலிருந்து கழியுங்கள். உயரத்தைக் கூட்டிக் குறைத்து எண்ணைப் பொருத்தும் குறுக்குவழி வேண்டாம். சென்சாரை வேறு மாடிக்கு மாற்றும்போது எது உயரம், எது பிழை என்று பிரிக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

கடைசியாக, அந்த சாயங்கால இறக்கம். பெட்டியில் துளை போட்ட பிறகும் அது முழுசாகப் போகாது, போகவும் கூடாது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தத்துக்கு அன்றாடம் இரண்டு ஓதம், அதாவது கடலில் போல ஏற்ற இறக்கம், உண்டு. காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் உச்சம், அதிகாலை நாலுக்கும் மாலை நாலுக்கும் தாழ்வு. இதற்குக் காரணம் நிலா அல்ல, மேல்வளியிலுள்ள ஓசோனையும் நீராவியையும் சூரியன் சூடாக்குவது. நம் பகுதியில் காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்குவது சாதாரணம். கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. ஒருநாள் வரைபடத்தில் இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் தெரிந்தால் நிறுவியது சரி.

மூன்று மணி நேர இறக்கத்தை வைத்து ‘மழை’, ‘வெயில்’ என்று படம் காட்டும் முன்கணிப்புகள் நம்மிடம் செல்லுபடியாகாததும் இதனால்தான். பலரும் நிரலில் சேர்க்கும் சாம்ப்ரெட்டி முறை 1915-இல் லண்டனில் பிரிட்டன் வானிலைக்காக உருவானது. நீங்கள் இன்று மாலை நாலு மணியை நேற்று மாலை நாலு மணியோடு ஒப்பிடுங்கள். ஒன்று ஒன்றரை வித்தியாசம் பொருட்டில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அந்த 24 மணி நேர வித்தியாசம் 3-ஐத் தாண்டி, மறுநாளும் இறங்கினால் வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்று கொண்டு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சித்திரை மாதத்து இடிமழையை இந்தக் கருவி முன்கூட்டிச் சொல்லாது. மழைக்குச் சற்று முன் மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தரையில் வந்து மோதும்போது, அழுத்தம் சில நிமிடங்களில் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் மேலே துள்ளுவதை மட்டும் காட்டும்.

ஆண்டுக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை இந்தச் சென்சார்கள் நகரக்கூடும் என்பதால் மெட்டார் ஒப்பீட்டை ஆண்டுக்கொரு முறை திரும்பச் செய்யுங்கள். கொசுவலையையும் அப்போதே தட்டிச் சுத்தம் செய்துவிடலாம்.