ஓவியம் விற்றால் கேலரி ஏன் பாதியை எடுத்துக்கொள்கிறது?

பெரும்பாலும் கேலரி ஓவியத்தை விலைக்கு வாங்குவதில்லை; விற்றுத் தர எடுத்து வைக்கிறது, விற்கும்வரை அது ஓவியருக்கே சொந்தம். பதிப்பாளர் புத்தகக் கடையில் பிரதிகளைப் போட்டுவிட்டு விற்றபின் பணம் வாங்குவது மாதிரி. கமிஷன் பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம். அநியாயமாகத்தான் தோன்றும், ஆனால் வாடகை, விளக்கு, சம்பளம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல வருடம் பழகிச் சேர்த்த வாடிக்கையாளர்கள் என எல்லாம் அதற்குள் அடக்கம், ஒன்றும் விற்காத மாதத்திலும் வாடகை நிற்காது. சரி, ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது? தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் கழியும், ஃபிரேம் செலவு யாருடையது, விற்று எத்தனை நாளில் பணம் வரும். தகராறு வருவதே இங்கேதான். முன்பணமாகச் சுவர் வாடகை கேட்கும் இடம் வேறு ரகம், அதற்கு விற்றுக்கொடுக்கும் அவசரமே கிடையாது. அப்புறம், ஓவியரிடம் நேரே போனால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கேலரியோடு தொடர்ந்து வேலை செய்பவர் பொதுவாக இரண்டு இடத்திலும் ஒரே விலைதான் சொல்வார்.