சிறு ஈரலும் காசநோய்க் குளிசையும்

அன்பின் ஐயா,

மருந்துகளைச் சோதிக்க மனித ஈரற்கலங்களைக் கொண்டு ஆய்வுகூடத்தில் வளர்க்கும் சிறு ஈரல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். என் மாமாவுக்குக் காசநோய்க் குளிசை குடிக்கத் தொடங்கிய இரண்டாம் மாதம் செங்கமாரி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தார். எலியிலும் மனிதரிலும் பார்த்த பிறகு வந்த மருந்துதானே? சிறு ஈரல் அப்போதே இருந்திருந்தால் அவருக்கு இப்படி ஆகியிருக்காதா?

தர்ஷினி, உப்புவெளி

அன்புள்ள தர்ஷினி,

மாமா தேறிவிட்டார் என்றதும்தான் எனக்கு நிம்மதி.

சிறு ஈரல் இருந்திருந்தாலும் அவருக்கு இது அநேகமாக நடந்திருக்கும். காசநோய்க் குளிசைகளில் ஒன்றான ஐசோனியசிட் ஈரலைத் தாக்கலாம் என்பது வைத்தியர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். காசநோயை வைத்தியம் செய்யாமல் விடுவது அதைவிட ஆபத்து, அதனால் கொடுக்கிறார்கள். யாரைத் தாக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கஷ்டம். அந்த மருந்தை மாற்றும் என்ஏடி2 நொதியம் சிலருக்கு மெதுவாக வேலை செய்கிறது. அவர்களுக்கு ஆபத்து கூட. ஒருவரின் கலங்களில் செய்த சிறு ஈரல் அந்த ஒருவரின் நொதியங்களைத்தான் காட்டும்.

அப்போ எதற்கு இது? புது மருந்துகளுக்கு. 1993இல் அமெரிக்காவில் ஃபியலூரிடின் என்ற மருந்தை ஹெப்படைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். இருவர் ஈரல் மாற்றுச் சிகிச்சையால் பிழைத்தார்கள். விலங்குச் சோதனைகள் இதைக் காட்டவில்லை. மனிதக் கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகளில் இந்த மருந்தை உள்ளே எடுக்கும் கடத்திப் புரதம் ஒன்று உண்டு, சுண்டெலியின் இழைமணிகளில் அது இல்லை. இந்த ஐந்து பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

சரி, மனித ஈரற்கலங்களை எடுத்துத் தட்டில் வளர்த்தால் போதாதா? போதாது. தனியே பரப்பி வைத்தால் சில நாட்களிலேயே மருந்தை உடைக்கும் நொதியங்கள் குறைந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்தக் கலங்களுக்கு அயலவர் வேண்டும். 2008இல் ஆய்வாளர்கள் சல்மான் கெத்தானியும் சங்கீதா பாட்டியாவும் ஈரற்கலங்களைச் சின்னத் தீவுகளாக வைத்து, சுற்றிவர வேறு கலங்களை வளர்த்தார்கள். வாரக்கணக்கில் வேலை செய்தன. பிறகு வந்த சில்லுகளில் (கலங்களை வளர்க்கும் சின்னஞ்சிறு ‘சிப்’கள்) குருதிக்குழாய்க் கலங்கள், ஈரலின் நோயெதிர்ப்புக் கலங்களான குப்ஃபர் கலங்கள் எல்லாம் சேர்ந்தன. திரவமும் ஓடிக்கொண்டே இருக்கும். 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இப்படிப்பட்ட 870 சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்தார்கள். ஈரலைக் கெடுப்பவற்றில் சுமார் 87 சதவீதத்தைக் கண்டுபிடித்தன, தீங்கில்லாத எதையும் தவறாகக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோரில் ஒருவரைத் தாக்கும் அபூர்வ விளைவை இந்தச் சில்லும் தவறவிடலாம்.

நோயாளியின் சொந்தக் கலங்களிலிருந்தே ஈரல் இழையம் வளர்க்கும் வேலையும் நடக்கிறது. அது கிளினிக்குக்கு வர இன்னும் தூரம் உண்டு.

மாமா குளிசையைத் தானாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். பனடோல், நாட்டுக் கசாயம், மதுப் பழக்கம் எதையும் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். சிறுநீர் கறுத்தாலோ, சாப்பாடு பிடிக்காமல் சத்தி வந்தாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.