ஹவாயில் உள்ள வைகீகியின் சுற்றுலா நீர்மூழ்கி: அம்மாவுக்குக் காது அடைக்குமா, அன்றிரவே விமானம் ஏறலாமா?

அடைக்காது, அன்றிரவே விமானமும் ஏறலாம். நீர்மூழ்கி 30 மீட்டர் ஆழம் போனாலும் உள்ளே கரையில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். விமானம் ஏறுமுன் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் படித்தது, காற்று உருளையுடன் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பவர்களுக்கு. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பதால் அவர்கள் உடலில் நைட்ரஜன் கரைந்து தங்கிவிடும்; அது வெளியேறத்தான் அந்தக் காத்திருப்பு.

அம்மாவுக்குச் சிரமம் வருமென்றால் மேலேதான் வரும். படகில் போய், அலையில் ஆடியபடியே நீர்மூழ்கிக்கு மாற வேண்டும். பிறகு செங்குத்தான ஏணியில் முதுகைக் காட்டி இறங்க வேண்டும்.

வீட்டு ஏணியில் நாலு படி அப்படி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் மறுத்தால் டிக்கெட் வாங்காதீர்கள். குமட்டல் மாத்திரை படகுப் பயணத்துக்கு உதவும்.

சளி இருந்தால் விமானத்தில் காது வலிக்கலாம், அது தனிக்கதை. அண்மையில் காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.