காசு கட்டுவதற்கு முன்: அழகுக்கலைப் படிப்பு பற்றிக் கேள்வி பதில்

ஓ.எல். பெறுபேறு வந்த கையோடு "அக்கா, பியூட்டி கல்ச்சர் எங்கே படிக்கலாம்?" என்ற கேள்வியும் வரத் தொடங்கிவிடும். நான் ஹட்டனில் பார்லர் வைத்திருக்கிறேன், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளையும் சேர்த்துப் பழக்குகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

தலவாக்கலை: அக்கா, கண்டியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்று மாதத்தில் "சர்வதேச டிப்ளோமா" தருகிறார்களாம். அம்மா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். அரசாங்க நிலையத்தில் என்.வி.கியூ. படித்தால் செலவு குறைவு, ஆனால் காலம் கூடுதல். எதற்குப் போகட்டும்?

நகை வீட்டிலேயே இருக்கட்டும், தங்கச்சி. முதலில் என்.வி.கியூ. படியுங்கள்.

என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நம் தொழிலில் நீங்கள் குறி வைக்க வேண்டியது நான்காம் மட்டம். யாரும் பக்கத்தில் நிற்காமல் தனியாக வேலை செய்யத் தெரிந்தவர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அரசு வேலையோ தனியார் வேலையோ, பின்னாளில் போதனாசிரியர் ஆக நினைத்தாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

"சர்வதேச" என்ற சொல்லைப் பலகையில் யாரும் எழுதிக்கொள்ளலாம். உண்மையான சர்வதேசத் தகைமைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிடெஸ்கோ 1946 இல் தொடங்கியது. லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் 1878 இலிருந்து இருக்கிறது. ஐடெக் என்ற பிரித்தானியத் தகைமையும் உண்டு. ஆனால் சிடெஸ்கோ டிப்ளோமாவுக்கு 1,200 மணி நேரப் படிப்பு வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள் போனாலும் அது 40 வாரம். மூன்று மாதத்தில் எப்படி முடியும்? ஆகவே அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், உங்கள் பள்ளியா, வெளியிலுள்ள நிறுவனமா? வெளி நிறுவனம் என்றால் அதன் இணையதளத்தில் இந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பெயர் இல்லை என்றால் அது அந்தப் பள்ளியின் சொந்தச் சான்றிதழ்தான், அதற்குப் பள்ளி வாசலைத் தாண்டினால் மதிப்பில்லை.

என்.வி.கியூ. என்று சொல்கிற இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில், அதாவது டி.வி.ஈ.சி.யில், நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று இருப்பது வேறு. "டி.வி.ஈ.சி. பதிவு பெற்றது" என்ற பலகையைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, கடைசியில் என்.வி.கியூ. கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. உங்கள் பாடநெறி, அதன் மட்டம், தரச்சான்று காலாவதியாகாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுத் தாளிலேயே பார்த்துவிடுங்கள்.

தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா என்ற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, இளைஞர் சேவைகள் மன்றம் ஆகிய மூன்றின் மாவட்ட அலுவலகங்களிலும் விசாரியுங்கள். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும் இந்த வருடம் என்ன பாடம் நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நைட்டாவில் இன்னொரு வழியும் இருக்கிறது: வகுப்பறைக்குப் பதிலாக ஒரு பார்லரிலேயே பயிலுநராகச் சேர்ந்து வேலை பழகிவிட்டு மதிப்பீட்டுக்குப் போகலாம்.

கம்பளை: பள்ளியைப் பார்க்க வரச் சொன்னார்கள். போனால் எதைப் பார்ப்பது? எல்லாப் பள்ளியும் பளபளவென்றுதான் இருக்கிறது.

வரவேற்பறையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் போய், வகுப்பறை வாசலில் பத்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

உள்ளே முதலில் கதிரைகளை எண்ணுங்கள். இருபது பேருக்கு இரண்டு கதிரை என்றால் உங்கள் முறை எப்போது வரும்? பொம்மைத் தலையில் மட்டும் பழகுகிறார்களா, உயிருள்ள ஆளுக்கும் செய்கிறார்களா? பொம்மைத் தலை வலிக்கிறது என்று சொல்லாது, தும்மாது, நூலால் புருவம் எடுக்கும் திரெடிங்கின்போது கண்ணைச் சிமிட்டாது. ஆள் வந்து உட்கார்ந்தால்தான் கை பழகும்.

அடுத்தது சுத்தம். ஒரு பிள்ளை முடி அகற்ற வெக்ஸ் போடுவதைக் கவனியுங்கள். காலில் தடவிய குச்சியையே மறுபடி வெக்ஸ் சட்டிக்குள் விடுகிறாளா, புதுக் குச்சி எடுக்கிறாளா? பழைய குச்சியே உள்ளே போனால், ஒருவருடைய தோல் கிருமி அந்தச் சட்டியில் இருந்துகொண்டு அடுத்தவருக்குப் போகும். நகம் வெட்டும் கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். நீல வெளிச்சப் பெட்டியைக் காட்டி "இதில் வைத்தால் போதும்" என்றால் நம்ப வேண்டாம். கழுவிக் கிருமி நீக்கிய கருவியைச் சுத்தமாக வைத்திருக்கத்தான் அந்தப் பெட்டி. கிருமியை முழுக்க அழிக்க ஓட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவி வேண்டும், 121 பாகை நீராவியில் குறைந்தது 15 நிமிடம்.

அப்புறம் டீச்சரிடம் ஒரு கேள்வி. "மிஸ், டை கலக்கிற டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் எத்தனை சதவீதம்?" ஆறு சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் என்று யோசிக்காமல் சொல்ல வேண்டும். 10 என்றால் மூன்று, 30 என்றால் ஒன்பது, 40 என்றால் பன்னிரண்டு. "அதெல்லாம் போகப் போகப் பழகிடும்" என்று சிரித்தால், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம். டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கும் சோதனையைச் சொல்லித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். கறுப்பு டையில் இருக்கும் பி.பி.டி. என்ற இரசாயனம் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாது.

காசு விஷயம் சுருக்கமாக: பொருட்பெட்டி, பரீட்சைக் கட்டணம், சீருடை, பட்டமளிப்புப் படம் என்று பின்னால் வருவதையெல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். இடையில் நின்றால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதம்கூடக் கட்ட வேண்டாம்.

பண்டாரவளை: பக்கத்து நிலையத்தில் சிங்களத்தில்தான் பாடம். எனக்குப் பேச வரும், எழுத வராது. விட்டுவிடட்டுமா?

விட வேண்டாம். என்.வி.கியூ. மதிப்பீட்டில் பெரும்பகுதி செய்து காட்டுவதுதான், கட்டுரை எழுதுவதல்ல. சேரும் முன் தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் வருவாரா, வினாத்தாள் தமிழில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிங்களத்தில் படிப்பதில் ஒரு இலாபமும் இருக்கிறது. நம் பக்கத்து பார்லருக்குத் தமிழ்ப் பெண், சிங்களப் பெண், முஸ்லிம் பெண் என்று மூன்று விதமான மணப்பெண்ணும் வருவார்கள். கண்டிய மணப்பெண்ணுக்கு ஒசரி என்ற கண்டியச் சேலை கட்டி, நெற்றியில் நலல்பட்ட வைத்து, மாலைகளை வரிசை தப்பாமல் போடத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்காது.

நாவலப்பிட்டி: ஐந்து வருடமாக ஒரு பார்லரில் வேலை செய்கிறேன். எல்லாம் தெரியும், கையில் ஒரு தாளும் இல்லை. மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்காகவே ஆர்.பி.எல். என்ற முறை இருக்கிறது, ஏற்கெனவே கற்ற திறனை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுப்பது. நைட்டா அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குங்கள். முதலாளியிடமிருந்து சேவைக் கடிதம், நீங்கள் செய்த வேலைகளின் படங்கள், போன குறும்பயிற்சிகளின் சான்றிதழ்கள் என்று ஒரு கோப்புச் சேர்க்கச் சொல்வார்கள். அப்புறம் மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

பயப்பட ஒன்றுமில்லை. எல்லா அலகிலும் தேறாவிட்டால் தேறிய அலகுகளுக்குத் தனியாகப் பதிவு தருவார்கள், மீதியை மட்டும் பிறகு செய்தால் போதும். பார்லரில் வருடக்கணக்கில் நின்றவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கை வேலையில் இல்லை. "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. தோல் வகை, இரசாயனப் பெயர், கிருமி நீக்கம், இந்த மூன்றையும் ஒரு மாதம் இரவில் உட்கார்ந்து படியுங்கள்.

முதலாளி கடிதம் தர இழுத்தடித்தால், சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி விவரம் இருக்கிறதா பாருங்கள். ஐந்து வருடம் வேலை வாங்கிவிட்டு ஈ.பி.எஃப். கட்டாமல் இருந்தால் அது வேறு பிரச்சினை, தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

டிக்கோயா: நான் பையன். ஹெயார் கட்டிங் படிக்க ஆசை. வீட்டில் "அது நம்ம வேலை இல்லை" என்று சாதியைப் பேசுகிறார்கள்.

தம்பி, அந்தப் பேச்சுக்கு நான் மரியாதை கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம். அதே வீட்டில் யாராவது கொழும்பில் ஹோட்டல் சலூனில் வேலை பார்த்து மாதம் பிறந்ததும் காசு அனுப்பினால், ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். சிகையலங்காரத்துக்குத் தனி என்.வி.கியூ. இருக்கிறது, அழகுக்கலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்கள் வெட்டு, பெண்கள் வெட்டு, டை மூன்றும் பழகுங்கள். ஆண்கள் வெட்டு மட்டும் தெரிந்தவர் டவுனுக்கு டவுன் இருக்கிறார்.

இராகலை: எங்கள் டீச்சர் இரண்டு மூன்று கிரீமைக் கலந்து வெள்ளையாக்கும் கிரீம் செய்யக் கற்றுத்தருகிறார். நன்றாக விற்கும் என்கிறார். கற்றுக்கொள்ளவா?

அந்த வகுப்பு நடக்கும்போது வெளியே போய் ஒரு தேத்தண்ணீர் குடியுங்கள்.

ஒரு வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றால் அதில் இருப்பது பெரும்பாலும் பாதரசம், அல்லது குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரோய்ட். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனங்களில் அதைத் தடை செய்திருப்பதும் அதனால்தான். ஸ்டீரோய்ட் தோலை மெலிதாக்கிவிடும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும், அதற்குப் பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் வலை மாதிரித் தெரிந்தன. பேஷியல் கேட்டாள். நான் கை வைக்காமல் தோல் கிளினிக்குக்குத்தான் அனுப்பினேன்.

வாடிக்கையாளருக்கு விற்க வேண்டும் என்றால் சன்ஸ்கிரீன் விற்கப் பழகுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நாம் நினைத்துக்கொண்டு மலையில் நிற்கிறோம், கன்னம் கறுத்துவிடுகிறது.

புசல்லாவ: மகளுக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சு இழுப்பு, ஆஸ்துமா. இந்தத் தொழிலுக்கு அனுப்பலாமா, மிஸ்?

அம்மா, முதலில் டொக்டரிடம் கேளுங்கள். தலைமுடியை வெளுக்கும் பிளீச் பொடியில் இருக்கும் பெர்சல்ஃபேட் இழுப்பைக் கிளப்பிவிடும். முடியை நேராக்கும் சில கெரட்டின் சிகிச்சைகளில் சூடு படும்போது ஃபோமல்டிஹைட் ஆவி வரும். மலையகத்தில் குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடிவைத்துத்தான் வேலை நடக்கும், அது இன்னும் மோசம். முடி வேலையைத் தவிர்த்து மேக்கப், சேலை கட்டுதல், மெஹந்தி என்று போகலாம். அந்த வேலையிலும் வருமானம் உண்டு.

மஸ்கெலியா: டுபாய் பார்லரில் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சான்றிதழ் எதுவானாலும் பரவாயில்லையாம்.

"எதுவானாலும் பரவாயில்லை" என்ற இடத்தில்தான் சந்தேகம் வர வேண்டும். பார்லர் வேலை என்று கூட்டிப்போய் வீட்டு வேலைக்கு விடுவது புதிதல்ல. விசாவிலும் ஒப்பந்தத்திலும் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்று அந்த மொழியும் தமிழும் தெரிந்த ஒருவரை வைத்து வாசித்துப் பாருங்கள். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்கலாம், இலக்கம் 1989. பணியகத்தில் பதியாமல் விமானம் ஏற வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

போகத்தான் வேண்டும் என்றால், என்.வி.கியூ. நான்கோடு ஒரு வருடமாவது இங்கே வேலை பார்த்துவிட்டுப் போங்கள். சர்வதேசத் தகைமைக்குச் செலவழிப்பதில் நியாயம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

அப்புத்தளை: யூடியூப் பார்த்தே மேக்கப் நன்றாகப் போடுகிறேன். படிக்கத்தான் வேண்டுமா?

உங்கள் முகத்துக்குப் போடுகிறீர்கள். கறுப்பு, மாநிறம், சிவப்பு, நாற்பது வயது, பரு, தழும்பு என்று பல முகங்களுக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பதுளை: படிப்பு முடியப் போகிறது. தோட்டத்து வீட்டிலேயே சின்னதாகத் தொடங்க நினைக்கிறேன். என்னென்ன வேண்டும்?

லயத்து அறை, தோட்ட வீடு என்றால் முதலில் தோட்ட அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள், பிறகு யாராவது மனு எழுதினால் வம்பு. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் வழியாகப் பதியலாம். அனுமதிப்பத்திரம் பற்றிப் பிரதேச சபையில் கேளுங்கள். பி.எச்.ஐ. ஐயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்த்தால் ஓடும் தண்ணீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி, துவாய்களைக் கொதிநீரில் அலசும் வழக்கம் எல்லாம் இருக்க வேண்டும்.

பெரிய கதிரை, ஸ்டீமர் என்று கடன் வாங்கிக் குவிக்காதீர்கள். திரெடிங், முடி வெட்டு, சேலை கட்டுதல், சடங்கு அலங்காரம், இவற்றில்தான் முதல் வருடம் ஓடும். தையும் ஆவணியும் நிற்க நேரமிருக்காது, ஆடியும் மார்கழியும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அந்த மாதங்களுக்கு இப்போதே ஒதுக்குங்கள்.

கொழுந்து எடுக்கும் அம்மாமார் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் வருவார்கள். விரல் நுனிக் கோடுகளுக்குள் கறை ஏறிப்போயிருக்கும், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேதான் பேசுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சைத் தோலால் மெதுவாகத் தேய்த்து, எண்ணெய் தடவிவிடுங்கள். வெடிப்பு இருந்தால் எலுமிச்சை வேண்டாம், எரியும். கறை முழுக்கப் போகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாள் கூலிக்காரரிடம் பேஷியல் கட்டணம் கேட்க முடியாது, ஆகவே இதற்கு ஒரு சின்ன விலை வைத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடன் சொல்பவர்களுக்குச் சம்பள நாளைக் குறித்துக்கொள்ள ஒரு கொப்பியும் வாங்கி வையுங்கள்.