வாடகை வீட்டில் பத்துக்குப் பத்து அடி படுக்கையறையை அதிகச் செலவில்லாமல் எப்படி வசதியாக மாற்றுவது?

சீர்வரிசையாக வந்த பெரிய கட்டிலும் ஒரு பீரோவும் வைத்த பின் நடக்கவே இடமில்லை, சுவரெல்லாம் மங்கிவிட்டது, வீட்டுக்காரர் பெரிய மாற்றங்களுக்கு ஒப்பமாட்டார், இந்நிலையில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்து, இதே அளவு அறைகளை மீண்டும் மீண்டும் ஒழுங்குபடுத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆறுதல். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சப் பரப்பு 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 102 சதுர அடி. வீட்டில் இரண்டு அறைகள் இருந்தால் இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டர் இருந்தாலே போதும். உங்கள் அறை 100 சதுர அடி, முதல் அளவுக்கு ஏறத்தாழச் சமம், இரண்டாவது அளவுக்கு மேல். ஆகவே அது குறையுள்ள அறை அன்று. அதற்குள் என்ன வைப்பது என்பதை யோசிப்பதற்கு முன், எங்கே எதையும் வைக்கப் போவதில்லை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கதவிலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து பீரோ வரை, அங்கிருந்து ஜன்னல் வரை நடைபாதையை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுகிற தரையில் மட்டும் பொருள்களை வைப்பவர்களின் சின்ன அறையில் மூச்சு முட்டுவதில்லை. கதவு உள்பக்கமாகத் திறக்குமானால் அது சுழலும் இடத்தையும் பாதைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அங்குலக் கணக்குக்கு வருவோம், ஏனெனில் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. உங்கள் அறையின் அகலம் 120 அங்குலம். கிங் சைஸ் மெத்தையின் அகலம் 72 அங்குலம். சட்டத்தையும் சேர்த்தால் கட்டில் 76 அங்குலத்துக்கு வந்துவிடும். வழக்கமான இரும்பு பீரோவின் ஆழம் 19 அங்குலம். சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் 20. கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டிவிட்டு எதிர்ச் சுவரில் பீரோவை வைத்தாலும் இடையில் எஞ்சுவது 24 அங்குலம்தான். 36 அங்குல அகல பீரோவின் ஒவ்வொரு கதவும் 18 அங்குலம் என்பதால் கதவு திறக்கும். ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் நிற்பவர் கட்டிலின் மேல்தான் உட்கார வேண்டும். அதே இடத்தில் குவீன் சைஸ், அதாவது 60 அங்குல மெத்தை போட்ட கட்டில் இருந்தால் இடைவெளி மூன்று அடியாகிவிடும். அந்த ஓர் அடியைத் தருவதற்கு வேறு எந்த அலங்கார உத்தியாலும் முடியாது.

சீர்க் கட்டிலை விற்க மனம் வராது என்பது புரிகிறது. அது தேக்கில் செய்த, நடுவில் செதுக்கு வேலைப்பாடு இல்லாத நேர்ப்பலகைக் கட்டிலாக இருந்தால், நல்ல தச்சர் ஒருவர் தலைமாட்டையும் கால்மாட்டையும் குறுக்குச் சட்டங்களையும் குறைத்து அகலத்தில் ஓர் அடியை எடுத்துவிட முடியும். செதுக்கு வேலைப்பாடு இருந்தால் அதைக் கெடுக்காமல், பெரிய அறை உள்ள உறவினர் வீட்டுக்கோ ஊருக்கோ அனுப்பிவிடுவதே மேல். கட்டிலைத் திருப்பிப் போடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தால் நான்கு சுவரில் ஒன்று கணக்கிலிருந்து போய்விடும், அது தெரியாமல் போட்ட திட்டம் மாமியார் வந்திறங்கிய அன்றே கலைந்துவிடும்.

பீரோவைத் தூக்கிவிட்டு வார்ட்ரோப் வாங்கலாமா என்று பலரும் நினைப்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. குறைந்த விலையில் கிடைக்கும் வார்ட்ரோப்கள் பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டில், அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில், செய்யப்படுபவை. ஈரம் பட்டால் ஊதும், வீடு மாறும்போது கழற்றிப் பூட்டினால் திருகாணித் துளைகள் தளர்ந்து கதவு தொங்கும். அதன் ஆழமும் பொதுவாக 24 அங்குலம், எனவே பீரோவைவிட ஐந்து அங்குலம் கூடுதலாகத் தரையைத் தின்னும். ஹேங்கரில் மாட்டும் சட்டைகள் நிறைய உள்ளவர்களுக்கு அந்த ஆழம் தேவைதான். மடித்து அடுக்கும் புடவைகளுக்கும் வேட்டிகளுக்கும் பீரோவே போதும். மரவேலைதான் செய்வது என்று முடிவெடுத்தால் பிளைவுட்டின் மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள், ஐ.எஸ். 710 என்பது நீரைத் தாங்கும் மரைன் வகை, ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டு வகை. பீரோவின் கதவில் கண்ணாடி இருந்தால் தனியாக டிரெஸ்ஸிங் டேபிள் எதற்கு?

ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பொருள்கள் பரணுக்கும், மாதம் ஒருமுறை எடுப்பவை கட்டிலுக்கு அடியிலும் போகட்டும். கட்டிலின் கீழே உள்ள வெற்றிடத்தில் சக்கரம் வைத்த தட்டையான பெட்டிகளை இழுத்து எடுக்கலாம். மெத்தையைத் தூக்கித் திறக்கும் பெட்டிக் கட்டில்கள் நிறையக் கொள்ளும் என்றாலும், கீழே பெருக்க முடியாது, கடலோர ஈரப்பதத்தில் உள்ளே வைத்த கம்பளிகளில் பூசண நாற்றமும் வரும். விருந்தினருக்காக இன்னொரு கட்டில் யோசிக்க வேண்டாம். கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்திய ஒரு பாய் போதும்.

இனி புதுப்பிப்பது. சுவரில் ஓதம் இருக்கிறதா, குறிப்பாகக் குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கசிவை அடைக்கும் வரை வண்ணத்துக்குச் செலவழிக்கும் பணம் வீண். கசிவைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதால் அதை அவரிடமே கேளுங்கள். சுவர் நன்கு காய்ந்திருக்க வேண்டும் என்பதால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடாமல், பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பத்து அடி உயரமுள்ள நான்கு சுவர்கள் 400 சதுர அடி. கதவையும் ஜன்னலையும் கழித்தால் 360 அளவில் நிற்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது இந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும், பட்டி பார்ப்பதும் பிரைமரும் அதில் அடங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று சுவர்களையும் கூரையையும் வெளிர் நிறத்தில் விட்டு, தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் சற்று அடர்த்தியான நிறம் கொடுக்கலாம். நான்கும் அடர்நிறமானால் அறை சுருங்கித் தெரியும்.

நம் வீடுகளின் படுக்கையறையை ஆஸ்பத்திரி வார்டாக்குவது 6500 கெல்வின் வெள்ளை விளக்குதான் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). துணி தேடவும் பெருக்கவும் அது இருக்கட்டும்; தலைமாட்டருகே 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று சேர்த்துவிட்டு, இரவு ஏழு மணிக்குமேல் அதை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். மின்விசிறி பழையதாக இருந்தால், சுமார் 75 வாட் எடுக்கும் அதற்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) விசிறி வாங்கலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். ஏ.சி. வைப்பதானால் இந்த அளவு அறைக்கு ஒரு டன் போதும்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரை அடி மேலேயும், இரு பக்கமும் சற்று நீட்டியும் பொருத்தினால், திரையை விலக்கும்போது ஜன்னல் முழுவதும் திறந்து காற்று வரும். துணியைப் பொறுத்தவரை கரூர் நெசவு விரிப்புகளும் சென்னிமலைப் போர்வைகளும் நம் வெயிலுக்குப் பளபளப்பான பாலியெஸ்டரைவிட எவ்வளவோ ஏற்றவை.

புதுக் கட்டில் வாங்குவது என்று முடிவானால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அது கழற்றிப் பூட்டும் வகையா என்று கேளுங்கள், உங்கள் மாடிப்படியின் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள்; பழைய அடுக்ககங்களில் தலைமாட்டுப் பலகை அந்தத் திருப்பத்தில் சிக்கி, கயிறு கட்டி வெளிப்புறமாகத் தூக்க ஆள் கூலி தனியாகக் கேட்பார்கள்.