காருக்குத் தனி மீட்டர் வேண்டுமா?

மண்டபம் ஊரில் உள்ள உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் செலவு, 3 கிலோவாட் சோலார், புது மின்சாரக் கார், தினம் 40 கிலோமீட்டர் ஓட்டம்; காருக்குத் தனி மின் இணைப்பும் வீட்டுக்குப் பேட்டரியும் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். தனி இணைப்பு தேவையில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் நேரத்தைப் பார்த்து அல்ல, இருமாத யூனிட்டைப் பார்த்து ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்குத் தரும் சலுகையும் குறையும்.

காருக்கு நாளுக்கு 6 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 360. மொத்தம் 980. சோலார் சுமார் 720 தரும். வாங்கிய மின்சாரத்திலிருந்து சோலார் வெளியே அனுப்பியதைக் கழிக்கும் நெட் மீட்டர் இருந்தால் மீதி 260தான். அப்போது சோலார் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி செலவைக் குறைக்காது. சேமித்து எடுப்பதில் பத்தில் ஒரு பங்காவது வீணாகும். ஆனால் கரண்ட் போனால் மின்வாரிய இணைப்போடு சேர்ந்தே இயங்கும் ஆன்கிரிட் சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், அதற்கு வேண்டுமானால் பேட்டரி வாங்குங்கள்.

கார் சார்ஜர் பொருத்தும் முன் உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு (ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய கிலோவாட்) போதுமா பாருங்கள். பேனலை உப்புப் போர்த்தண்ணீரால் கழுவாதீர்கள், உப்புப் படிவு மின் உற்பத்தியைத் தின்றுவிடும்.