என்.எஸ்.கிருஷ்ணன் வெறும் காமெடி நடிகர்தானா?

"தாத்தா காலத்துச் சிரிப்பு நடிகர் என்றுதான் தெரியும். பாடினார், எழுதினார் என்பதெல்லாம் உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். எங்கள் நாஞ்சில் நாட்டில் பிறந்தவருக்கு அது இயல்பாக வந்தது என்பேன்.

1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. இங்கே கோயில் கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா என்றால் வில்லுப்பாட்டு உண்டு. நடுவில் அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடுவார். பாட்டை நிறுத்திக் கதை சொல்வார், சட்டென்று கதையில் வரும் கிழவியாகவே பேசுவார். பக்கத்தில் குடமும் உடுக்கும் முழங்கும். பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட, ஒரு குறும்பும் விழும். பாட்டு, நடிப்பு, கதை, சிரிப்பு எல்லாம் அங்கே ஒரே ஆளின் வேலை. கிருஷ்ணன் கற்றுக்கொண்டதும் இந்தக் கலையைத்தான். பிறகு நகரத்து மேடைகளுக்கும் அதைக் கொண்டுபோனார்.

அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழு, 1936-ல் 'சதிலீலாவதி' என்று சினிமாவுக்கு வந்தார். தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே உருவாக்கினார், தன் குரலிலேயே பாடினார். மனைவி டி.ஏ.மதுரம் அவருக்குச் சரிக்குச் சரியான ஜோடி. அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ல் கைதாகி, 1947-ல் விடுதலையானார். வந்தவர் முடங்கவில்லை. 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார், அதாவது கிந்தனார் கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொன்னார். படிப்பைத் தேடிப் போகும் சிறுவனின் கதை, உடுமலை நாராயண கவி எழுதியது. அதைக் கட்டாயம் பாருங்கள். 'மணமகள்', 'பணம்' படங்களை இயக்கியவரும் அவர்தான்.